ஏமே, ஃபேர், ஜுவே: பொழுதுபோக்கைச் சொல்ல எந்த வினையில் தொடங்கலாம்?

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்? பிரெஞ்சு மொழிச் சான்றிதழுக்கான டெல்ஃப் ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் முதல் ஒரு நிமிடம் பெயர், குடும்பம், பிடித்தவை பற்றித்தான் கேட்பார்கள். பதில் சொல்ல மூன்று வினைகள் இருக்கின்றன. 'ஏமே' என்றால் பிடிக்கும். 'ஃபேர்' என்றால் செய். 'ஜுவே' என்றால் விளையாடு. பெரும்பாலான பாட நூல்கள் மூன்றையும் ஒரே பாடத்தில் கொட்டிவிடுகின்றன. அங்கேதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

என் அக்கா மகள் போன மாதம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் பியானோ வாசிக்கிறேன் என்பதற்கு 'ஜெ ஜூ ல பியானோ' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்திருந்தார், காரணம் எழுதவில்லை.

"சித்தி, ஃபுட்பாலுக்கும் பியானோவுக்கும் ஒரே வினைதானே, இதுல என்ன தப்பு?"

"வினை ஒண்ணுதான். பின்னாடி வர்ற சின்ன சொல்தான் வேற. நீ இங்கிலீஷ்ல யோசிச்சு எழுதியிருக்கே. தமிழ்ல யோசி. ஃபுட்பாலை என்ன செய்வோம்?"

"விளையாடுவோம்."

"பியானோவை?"

"வாசிப்போம்."

தமிழில் இரண்டு வினையாக இருப்பதை பிரெஞ்சு ஒரே வினையில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் இடைச்சொல்லால் பிரிக்கிறது. விளையாட்டு என்றால் 'ஆ', வாத்தியம் என்றால் 'த'. அது அடுத்து வரும் 'ல' என்ற சொல்லோடு (ஆங்கில 'the' போல, ஆண்பால் பெயருக்கு முன்னால் வருவது) ஒட்டி 'ஓ' என்றும் 'த்யு' என்றும் மாறும். ஆக 'ஜுவே ஓ ஃபூத்போல்', 'ஜுவே த்யு பியானோ'. பிரெஞ்சில் பொருளின் பெயருக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. பெண்பால் சொல்லாக இருந்தால் 'லா' வரும், ஒட்டாது: 'ஜுவே த லா கீதார்'. விளையாடுவதா வாசிப்பதா என்று தமிழில் ஒரு நொடி கேட்டுக்கொண்டால் சரியான சொல் கிடைத்துவிடும்.

ஜுவேயின் பலம் அதன் வடிவம். பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது அது, ஒழுங்கானது. எழுத்தில் விதவிதமான முடிவுகள் இருந்தாலும் காதுக்கு மூன்றே ஒலிதான்: ஜூ, ஜுஓன், ஜுவே. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் 'ஜூ'தான். பலவீனம் என்னவென்றால், அதை எல்லாவற்றோடும் சேர்க்க முடியாது. பந்து, சீட்டு, சதுரங்கம், வீடியோ கேம், வாத்தியம் வரைக்கும் சரி. நீச்சல், யோகா, மலையேற்றம் என்று வந்தால் நின்றுவிடும்.

ஃபேர் நேரெதிர். வடிவம் முரடு, ஆனால் போகாத இடமில்லை. ஒருமையில் மூன்றுக்கும் 'ஃபே'. நாங்கள் என்றால் 'ஃபெஸோன்', நீங்கள் என்றால் 'ஃபெத்', அவர்கள் என்றால் 'ஃபோன்'. அந்த 'ஃபெத்'தில் நிறையப் பேர் வழுக்குவார்கள். 'நீங்கள்' வடிவம் இப்படி முடியும் அடிப்படை வினைகள் பிரெஞ்சில் மூன்றே மூன்றுதான்: இரு, செய், சொல். மூன்றையும் சேர்த்து 'எத், ஃபெத், தீத்' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் நாக்கில் நின்றுவிடும். 'ஃபெஸோன்' அவ்வளவு தொந்தரவு தராது. பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் 'நாங்கள்' என்பதற்குப் பெரும்பாலும் 'ஓன்' என்பார்கள், அதற்கு 'ஓன் ஃபே' போதும்.

ஃபேர் எனக்கு மிகவும் பிடித்த வினை, ஏனென்றால் அது அப்படியே நம் 'பண்ணு'. யோகா பண்றேன், ஜாகிங் பண்றேன், டிரெக்கிங் பண்றேன் என்று நாம் நாள் முழுக்கப் பேசுகிறோமே, அதே கட்டுமானம்தான் 'ஜெ ஃபே த்யு யோகா'. பெயர்ச்சொல் கையில் இருந்தால் போதும், அதற்குத் தனி வினை தேட வேண்டாம். ஃபுட்பாலுக்கும் பியானோவுக்கும்கூட 'ஃபேர் த்யு' என்று சொல்வது அங்கே சாதாரணம். சதுரங்கத்துக்கும் சீட்டுக்கும் மட்டும் ஜுவேயையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விலை ஒன்று உண்டு: ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்பாலா பெண்பாலா என்று தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் பெண்பால், 'த லா நாத்தாஸியோன்'. சைக்கிள் ஆண்பால், 'த்யு வேலோ'. குதிரையேற்றம் உயிரொலியில் தொடங்குவதால் 'த லேகித்தாஸியோன்'. முழுவதும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'ஸியோன்' என்று முடிபவை பெண்பால். வெளியிலிருந்து வந்த யோகா, டென்னிஸ், ஜாகிங், கிரிக்கெட் எல்லாம் ஆண்பால். தோட்டவேலை போல 'ஆஜ்' என்று முடியும் ஜார்தினாஜ் வகையும் ஆண்பால்தான்.

எதிர்மறையில் இன்னொரு சிக்கல். 'ஜெ ஃபே த்யு யோகா' என்பது 'ஜெ ந ஃபே பா த யோகா' ஆகும், 'த்யு' சுருங்கி 'த' ஆகிவிடும். 'ஜுவே ஓ' மாறாது: 'ஜெ ந ஜூ பா ஓ ஃபூத்'.

இனி ஏமே. இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். 'ஜெம்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் வினையின் மூல வடிவத்தை வைத்தால் வாக்கியம் முடிந்தது. 'ஜெம் நாஜே', நீந்தப் பிடிக்கும். 'ஜெம் லீர்', படிக்கப் பிடிக்கும். 'ஜெம் தெஸினே', வரையப் பிடிக்கும். பாட 'ஷாந்தே', ஆட 'தான்ஸே', சமைக்க 'குய்ஸினே', ஓட 'கூரீர்'. ஆண்பால் பெண்பால் கவலை இல்லை, இரண்டாவது வினையின் வடிவத்தை மாற்ற வேண்டாம், 'த்யு'வும் 'ஓ'வும் வேண்டாம். எதிர்மறையும் சுலபம்: 'ஜெ நெம் பா நாஜே'. நீந்த, படிக்க, வரைய என்று நாம் 'பிடிக்கும்' முன்னால் வைக்கும் செயவென் எச்சம் இருக்கிறதே, அதன் இடத்தில்தான் பிரெஞ்சின் மூல வடிவம் உட்காருகிறது. வித்தியாசம் ஒன்றே: நாம் 'எனக்கு' என்போம், அவர்கள் 'நான்' என்பார்கள். நம் 'எனக்கு' போலவே நடக்கும் 'ம ப்ளே' என்ற வழியும் அவர்களிடம் உண்டு, ஆனால் முதல் மாதத்தில் அதைத் தொட வேண்டாம்.

ஏமேயின் குறை பெரியதுதான். பிடிக்கும் என்று சொல்லுமே தவிர, செய்கிறேன் என்று சொல்லாது. குதிரையேற்றம் பிடிக்கும் என்பவர் குதிரை மேல் ஏறாமலே இருக்கலாம். வாரத்துக்கு எத்தனை நாள், யாரோடு என்று அடுத்த கேள்வி வந்தால் ஃபேரோ ஜுவேயோ வேண்டும்.

அதனால் வரிசை இது. முதல் வாரம் ஏமேயும் பத்து மூல வினைகளும். பிறகு ஃபேர், ஒருமையில் மட்டும், நிஜமாகவே நீங்கள் செய்கிற மூன்று நான்கு விஷயங்களோடு. ஜுவே கடைசியில், நீங்கள் ஆடுகிற ஆட்டத்துக்கோ வாசிக்கிற வாத்தியத்துக்கோ ஏற்ப. ஜுவே சுலபம் என்பதால் அதில் தொடங்குகிறவர்கள் பலர், அப்புறம் நீச்சலுக்கும் அதையே போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். புதுச்சேரியில் இன்றும் பெத்தாங்க் என்ற பிரெஞ்சு குண்டு விளையாட்டை ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை என்றால் 'ஜெ ஜூ ஆ லா பெத்தாங்க்' என்று தாராளமாக முதலிலேயே சொல்லட்டும். அது அந்தப் பிள்ளையின் சொந்த வாக்கியம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளிடம் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். "ஜெம் தெஸினே. ஜெ ஃபே த்யு யோகா. ஜெ ஜூ ஓஸேஷெக்." வரையப் பிடிக்கும், யோகா பண்றேன், செஸ் ஆடுவேன். ஆவெக் கி, யாரோடு என்று கேட்டேன். நோட்டைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஆவெக் மா மேர்." அம்மாவோடு.