பழைய சிஎன்சி மில்லுக்கு லினக்ஸ்சிஎன்சியும் மெசா 7ஐ76இ கார்டும்: வாங்கலாமா?

வாங்கலாம். இரும்பு நன்றாக இருந்து கன்ட்ரோலர் மட்டும் செத்துப்போன மில்லிங் மெஷின் ஒன்று கையில் இருக்கிறதென்றால், மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள், அதன் உத்தரவை மோட்டார்களுக்குக் கொண்டுபோகும் மெசா 7ஐ76இ கார்டு, நான் இந்த ஜோடியைத்தான் சொல்வேன். ஒயரிங் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், பொறுமை நிறைய வேண்டும்.

என்னுடையது இன்ஜினியரிங் காலேஜ் லேப்பில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த சின்ன மில். வார்ப்பிரும்பு உடம்பு, மூன்று அச்சையும் நகர்த்தும் திருகாக பால் ஸ்க்ரூ, ஒரு பல்ஸுக்கு ஒரு படி என்று சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார், வீட்டு சிங்கிள் ஃபேஸ் கரண்டிலேயே ஓடும். வருஷம் முழுக்க மெழுகும் அலுமினியமும் மட்டுமே வெட்டியதால் ஸ்லைடெல்லாம் தேயாமல் இருக்கும். இந்த மாதிரி மெஷின்களில் முதலில் போவது எலக்ட்ரானிக்ஸ்தான். விண்டோஸ் 98 காலத்துக் கம்ப்யூட்டர், அதற்குள் ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டில் சொருகும் ஒரு கார்டு, அது எரிந்தால் இன்னொன்று கிடைக்காது. அதனால்தான் நல்ல மெஷின்கள் காயலான் கடை விலைக்கு வந்துவிடுகின்றன, பார்க்கவே மனசு கேட்காது.

லினக்ஸ்சிஎன்சி புதுச் சரக்கு இல்லை. 1990களில் அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனத்தில் இஎம்சி என்ற பெயரில் ஆரம்பித்தது, பிற்பாடு தன்னார்வலர்கள் கைக்கு வந்தது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. நான் போட்டிருப்பது 2.9, டெபியன் 12 மேல் ஓடுகிறது. ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி பென் டிரைவில் ஏற்றிப் போட்டால் நேரம் தவறாமல் வேலை செய்யும் ரியல்டைம் கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடும்.

மெசா கார்டுக்கு எதற்கு இவ்வளவு செலவு, பழைய பிரிண்டர் சொருகும் பாரலல் போர்ட்டிலேயே ஓட்டலாமே என்று கேட்பார்கள். ஓட்டலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பையும் டிரைவ் 10 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிக்கிறது என்று வைத்தால் ஒரு மி.மீ.க்கு 400 பல்ஸ். நிமிஷத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் டேபிள் நகர வினாடிக்கு 20,000 பல்ஸ் வேண்டும், அதை கம்ப்யூட்டரே மைக்ரோ செகண்ட் தவறாமல் எண்ணி எண்ணி அனுப்பினால் எங்கோ ஒரு இடத்தில் தடுமாறும், ஸ்டெப்பர் கத்தும், ஸ்டெப்பைத் தவறவிடும். 7ஐ76இ அந்த வேலையைத் தன் சிப்பிலேயே செய்துகொள்கிறது. கம்ப்யூட்டர் ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஈதர்நெட் வழியாக உத்தரவு போட்டால் போதும். ஐந்து அச்சுக்கு ஸ்டெப்-டைரக்ஷன் சிக்னல், 24 வோல்ட்டில் 32 இன்புட், 16 அவுட்புட், கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கு அனலாக் வோல்டேஜ், அதன் சுற்றை எண்ணும் என்கோடருக்கு இன்புட், எல்லாம் ஒரே பலகையில்.

கேபிளை கம்ப்யூட்டரிலிருந்து கார்டுக்கு நேராகக் கொடுங்கள், நடுவில் ரவுட்டர் வேண்டாம். இன்டெல் நெட்வொர்க் சிப் உள்ள பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் போதும். லேப்டாப்பை வைத்து முயற்சி செய்யாதீர்கள், பவர் மிச்சம் பிடிக்கிறேன் என்று அது நடுவில் கண் அசரும், மெஷின் அங்கேயே நிற்கும்.

சரி, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஹால் என்று ஒரு அடுக்கு இருக்கிறது, ஒவ்வொரு சுவிட்சும் ஒவ்வொரு சிக்னலும் அதில் பெயரோடு இருக்கும், எதை வேண்டுமானாலும் எதோடும் இணைக்கலாம். கூடவே ஹால்ஸ்கோப், அதாவது மென்பொருளுக்குள்ளேயே ஒரு ஆசிலாஸ்கோப். என் மெஷினில் ஸ்பிண்டிலை ஆன் செய்யும்போது எப்போதாவது எக்ஸ் அச்சு அதன் கோடியில் இருக்கும் லிமிட் சுவிட்சில் மோதியதாகச் சொல்லி எல்லாம் நின்றுவிடும், டேபிளோ நட்டநடுவில் நிற்கும். ஹால்ஸ்கோப்பில் லிமிட் இன்புட்டையும் ஸ்பிண்டில் உத்தரவையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை ஆளும் விஎஃப்டி கிளம்பும் நொடியில் லிமிட் கோட்டில் ஒரே ஒரு மில்லி செகண்ட் அகலத்துக்கு ஒரு முள் எட்டிப்பார்த்து மறைந்தது. பேனலைத் திறந்தால், அந்த லிமிட் ஒயர் ஸ்பிண்டில் மோட்டார் கேபிளோடு ஒரே டக்ட்டில் ஒட்டிக்கொண்டு போகிறது, பழைய ஒயரிங்கிலிருந்தே அப்படித்தான். தனியாகப் பிரித்து, ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்ததும் அந்த முள் காணாமல் போனது. யூஎஸ்பியில் சொருகும் மலிவு விலைக் கார்டில் இதே தொல்லை வந்திருந்தால் நான் சுவிட்சை மாற்றி, கார்டை மாற்றி, கடைசியில் மெஷினையே சந்தேகப்பட்டிருப்பேன்.

எமர்ஜென்சி பட்டனை மட்டும் மென்பொருளை நம்பி விடாதீர்கள். அழுத்தினால் கான்டாக்டர் என்ற பெரிய ரிலே விழுந்து டிரைவ்களுக்குப் போகும் கரண்ட் அறுந்துவிட வேண்டும், லினக்ஸ்சிஎன்சிக்கு அதைத் தெரிவித்தால் போதும். லிமிட் சுவிட்சுகளையும் நார்மலி குளோஸ்டு முறையில், அதாவது சாதாரணமாக இணைப்பு மூடியே இருக்கும்படி போடுங்கள், அப்போதுதான் ஒயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும்.

அப்புறம் பிளே, அதாவது ஸ்க்ரூவில் இருக்கும் ஆட்டம். டயல் கேஜை டேபிளில் முட்டவைத்து ஒரு பக்கமிருந்து வந்து நிறுத்தி, தாண்டிப் போய்த் திரும்பி அதே இடத்துக்கு வந்து பார்த்தால் ஸ்க்ரூவில் எவ்வளவு தேய்மானம் என்று தெரிந்துவிடும். லினக்ஸ்சிஎன்சியின் ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் பேக்லாஷ் என்று ஒரு வரி எழுதினால் மென்பொருள் அதை ஈடுகட்டும். ஆனால் அது அளவை மட்டும்தான் சரிசெய்யும். கட்டர் சுற்றும் திசையிலேயே டேபிள் போகும் கிளைம்ப் மில்லிங்கில் கட்டரே டேபிளை வெடுக்கென்று இழுக்கும், ஸ்க்ரூவில் பிளே இருந்தால் எந்த மென்பொருளாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. முதலில் நட்டையும் பேரிங்கையும் பாருங்கள்.

குறைகளும் இருக்கின்றன. ஆவணங்கள் நிறைய, ஆனால் புதிதாக வருபவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே பிடிபடாது. பிஎன்சிகான்ஃப் என்ற அமைப்புக் கருவி 7ஐ76இ-க்கு நல்ல தொடக்கம் கொடுக்கும், அதைத் தாண்டி ஏதாவது வேண்டுமென்றால் கோப்புகளைக் கையால்தான் திருத்த வேண்டும். கார்டு அமெரிக்காவிலிருந்து வர வேண்டும், கப்பல் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் கை கடிக்கும், மலிவுக் கார்டுகளோடு ஒப்பிட்டால் பல மடங்கு. அந்தப் பணம் எனக்கு வீணாகத் தெரியவில்லை, ஸ்பிண்டிலில் என்கோடர் மாட்டினால் ஜி33.1 கட்டளை வழியாக ரிஜிட் டேப்பிங், அதாவது ஸ்பிண்டில் சுற்றோடு ஒத்துப்போய் துளைக்குள் மரை வெட்டுவது வரைக்கும் போகலாம். மரத்தில் பெயர் செதுக்கும் ரவுட்டர் மெஷின் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

இதைவிடப் பெரிய மெஷின், ஸ்டெப்பருக்குப் பதிலாக ±10 வோல்ட்டில் ஓடும் பழைய சர்வோ டிரைவ்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்றால், அவற்றைக் கழற்றி எறியாதீர்கள். மெசாவின் 7ஐ77 கார்டு அதற்காகவே இருக்கிறது, ஆனால் அதைத் தனியாக ஓட்ட முடியாது, கூட இன்னொரு மெசா கார்டு வேண்டும். மோட்டாருக்குப் பின்னால் என்கோடருக்குப் பதில் ரிசால்வர் என்ற இன்னொரு வகை சென்சார் இருந்தால் 7ஐ49 கார்டு. ஆர்டர் போடுவதற்கு முன்னால் மோட்டார் பின்மூடியைத் திறந்து எது இருக்கிறதென்று பார்த்துவிடுங்கள்.