1932-ஆம் வருஷத்து மயில்ராவணன் என்று விற்கிறார்கள், நடுப்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் தேடுகிறவர்கள் கவனிக்கவும். "1932-ல் அடிச்ச அசல் பிரதி" என்று சொல்லி மயில்ராவணன் கதை ஒன்றை (ராம லட்சுமணரைக் கடத்திய மயில்ராவணனை அனுமார் பாதாளம் போய் ஜெயிக்கும் கதை) 4,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார் ஒரு வியாபாரி. அதில் முதல் தாள் மட்டும்தான் பழசு. உள்ளே இருப்பதெல்லாம் நேற்று அடித்தது.

புத்தகம் எனக்காக இல்லை. காவேரிப்பட்டினம் தாண்டி இருக்கும் என் சித்தப்பா தெருக்கூத்து வாத்தியார். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ஆடும் ஜமா, அதாவது கூத்துக் குழு, அவருடையது. மயில்ராவணன் கூத்தும் கட்டுவார்கள். அதற்கு அவர் வைத்திருந்த புத்தகம் கரையானுக்குப் போய்விட்டது. பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம், ஆனால் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏடு வேண்டும் என்பார்.

வியாபாரிக்குக் கடை கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு விற்கிறவர். படத்தில் இருந்தது முதல் பக்கம் மட்டும்: அனுமார் மரக்கட்டை அச்சுப் படம், 'விலை அணா 4', மூலையில் ஊதா மையில் ஒரு படிப்பகத்தின் முத்திரை. உள்பக்கம் ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, "விரிச்சா முதுகு உடைஞ்சிடும்ணா" என்றார். 2,000 முன்பணம் ஜிபேயில் போனது. மீதியைத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கையில் வாங்கிக்கொண்டார். புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நான்கு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார். "இங்க பிரிக்காதீங்க, காத்து பட்டா பொடிஞ்சிடும். வீட்டுக்குப் போய் ஃபேனை நிறுத்திட்டுப் பிரிங்க." எவ்வளவு அக்கறை பாருங்கள்!

சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பிரித்தோம். அவர் மூக்கருகே கொண்டுபோனதும், "என்னடா, டீத்தூள் வாசனை வருது?" என்றார்.

முதல் தாளில் பூச்சி துளைத்த ஓட்டைகள் மூன்று. பூச்சி ஒரு தாளோடு நிற்காது, நாலைந்து தாளாவது சேர்த்துத்தான் துளைக்கும். இங்கே அடுத்த தாளில் ஓட்டையே இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தால், எங்கோ சிதைந்துபோன புத்தகத்தின் முதல் தாளைக் கிழித்து இதன் முதுகில் பசை போட்டு ஒட்டியிருப்பது தெரிந்தது.

அப்புறம் எழுத்து. என்றார், சென்றார் என்று வரிக்கு வரி வருகிற கதை இது. பழைய அச்சில் றா, ணா, னா எல்லாம் கால் தனியாக நிற்காமல் சுழித்து வரும். ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் தும்பிக்கை வைத்திருக்கும். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்ட பிறகுதான் இப்போதைய வடிவம் பரவலாக வந்தது. பெரியார் 1935-லேயே தன் குடிஅரசு பத்திரிகையில் இந்தப் புது எழுத்தைப் பயன்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் அனுமார் கதை அச்சடித்தவர் பெரியாருக்கும் மூன்று வருஷம் முந்திக்கொண்டார் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? எங்கள் பிரதியில் உள்ளே எல்லாமே புது எழுத்து.

தாளைப் பாருங்கள். மலிவுத் தாளில் அடித்த பழைய புத்தகம் ஓரத்தில் கருத்து, நடுவில் வெளுத்து இருக்கும். மூலையை லேசாக மடித்தாலே ஒடிந்து கையில் வரும். இது நடுவிலும் ஓரத்திலும் ஒரே பழுப்பு, ஆங்காங்கே டீ வழிந்து காய்ந்த கோடு, மடித்த இடத்தில் பளீரென்று வெள்ளை. ஈய எழுத்தில் அடித்த பக்கமாக இருந்தால் பின்புறம் விரலால் தடவும்போது எழுத்து அழுந்திய தடம் தெரியும். இதில் வழவழவென்று இருந்தது. சாய்த்துப் பிடித்தால் ஜெராக்ஸ் மை மினுங்குகிறது. தைத்த நூல் இல்லை, ஸ்டேப்ளர் கம்பி, அதிலும் துரு இல்லை.

முத்திரைதான் உச்சம். அதை அத்தாட்சியாகக் காட்டித்தான் விலையை ஏற்றினார். "1948-ல லைப்ரரில இருந்ததுண்ணா, தேதி பாருங்க" என்று. தேதி இருக்கிறது, சரி. கீழே 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்றும் இருக்கிறது. இந்த மாவட்டம் பிரிந்தது 2004-ல். தர்மபுரி மாவட்டமே 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. 1948-ல் முத்திரை குத்தியிருந்தால் சேலம் ஜில்லா என்றுதான் இருக்கும்.

இதையெல்லாம்விட சித்தப்பாவுக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. பக்க எண் 32-க்கு அடுத்து 41. நடுவில் எட்டுப் பக்கம் இல்லை. அனுமார் பாதாள இலங்கை வாசலில் தன் மகன் மச்சவல்லபனையே எதிர்த்துச் சண்டை போடுகிற இடம் அது. கூத்தில் ஜனம் எழுந்து உட்கார்கிற கட்டமே அதுதான்.

மறுபதிப்பு விற்பது தப்பே இல்லை. இந்தக் கதைகளைப் புதிதாக அடித்து மலிவு விலைக்கு இப்போதும் விற்கிறார்கள், திருவிழாக் கடைகளில் கிடைக்கும். மறுபதிப்பு என்று சொல்லி, பக்கம் முழுசாக இருந்து, 150 ரூபாய் கேட்டிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். பாட்டு மட்டும் போதுமென்றால் தமிழிணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய கதைப்பாடல் அச்சுகள் பல இலவசமாகவே இருக்கின்றன. பெரிய ஆன்லைன் கடைகளில் தோல் அட்டை போட்டு ஆயிரத்துக்கு மேல் விற்பதிலும் பல இப்படி ஸ்கேன் செய்ததை அப்படியே அடித்தவைதான். தலைப்பில் பழைய வருஷத்தைப் பெரிதாகப் போட்டு, மறுபதிப்பு என்பதைக் கடைசி வரியில் வைப்பார்கள். பக்கம் கோணலாக இருக்கும், ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்கூட விழுந்திருக்கும்.

விலையையும் முகவரியையும் பார்க்க மறக்காதீர்கள். 1957 ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது, பின்கோடு 1972-ல். 1930-களின் புத்தகம் என்று சொல்லிவிட்டு உள்ளே எங்காவது 600-ல் தொடங்கும் ஆறு இலக்கம் தென்பட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த வகைப் புத்தகங்களில் வருஷமே போடாமல் அடித்ததும் நிறைய. அதனால் வருஷத்தை ரொம்ப அழுத்திச் சொல்கிறவரிடம் கூடுதலாகவே கேள்வி கேளுங்கள்.

வியாபாரிக்குப் போன் போட்டேன். முதலில் "அந்தக் காலத்துலயே அப்படித்தான் அடிச்சாங்க" என்றார். முத்திரையைச் சொன்னதும், "பழைய புக்குக்கு ரிட்டர்ன் கிடையாதுண்ணா" என்று வைத்துவிட்டார். பிறகு என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். பில் தரவில்லை, ஆனால் வாட்ஸ்அப் பேச்சும் ஜிபே ரசீதும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, தொகை சின்னது என்று விட்டுவிட வேண்டாம்.

போன வாரம் நண்பர் ஒருவர் அதே குழுவிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பவளக்கொடி மாலை, 1928, விலை 6,000. மூலையில் அதே ஊதா முத்திரை, அதே தேதி. வாங்குவதாக யாராவது பேசியிருந்தால், முன்பணம் போடும் முன் நடுப்பக்கம் இரண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.