லிம்ப் மோடில் சிக்கிய டீசல் கார்: எட்டு மாத அனுபவம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்பதாவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையைத் தாண்டியதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டிக்கு இழுவை வரவில்லை. கோளாறைக் கண்டதும் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் இந்த நிலைதான் லிம்ப் மோடு. ஓரமாக நிறுத்தி, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தபோது எதுவும் நடக்காததுபோல் ஏறியது. பாரத் ஸ்டேஜ் 6 புகை மாசு விதிப்படி வந்த, ஐந்து ஆண்டுகள் ஓடிய டர்போ டீசல் கார் அது.

சாவியைத் திருப்பினால் சரியாகிவிடுகிறதே என்று இரண்டு மாதம் அலட்சியமாக இருந்தது என் தவறு. அதன்பின் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் கணினியை இணைத்து, கோளாறுக் குறியீட்டை அழித்து, நகருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குச் சமதளத்தில் பெரிய வேலை இல்லை. அங்கே அந்தக் கோளாறு எப்படி வெளிப்படும்? மூன்றாவது முறை, டர்போவையே மாற்ற வேண்டும், 62,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் ஸ்டீயரிங்குக்குக் கீழே, கோளாறுக் குறியீடுகளைப் படிப்பதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகி, கைப்பேசியுடன் இணைக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். அடுத்த முறை வண்டி முடங்கியபோது பி0299 என்ற குறியீடு வந்தது. டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் இன்ஜினுக்குக் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். குறியீட்டைவிட அதனுடன் பதிவாகும் ஃபிரீஸ் ஃபிரேம் எனக்கு அதிகம் உதவியது. கோளாறு நேர்ந்த நொடியில் வேகம் 38 கிலோமீட்டர், இன்ஜின் சுழற்சி 2,400, சுமை 90 விழுக்காட்டுக்கு மேல் என்று அதில் இருந்தது. குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். மூன்று முறை பணம் கொடுத்து, இருந்த ஒரே சாட்சியத்தையும் நானே அழிக்கச் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தப் பதிவைப் படமெடுத்து, கோவையில் டீசல் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அதிகச் சுமையில் மட்டுமே வருகிறதென்றால் முதலில் காற்றுப் பாதையில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்போம் என்று சொல்லி, புகையைச் செலுத்திச் சோதித்தார். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கையால் வளைத்தால் மட்டுமே தெரியும் வெடிப்பு ஒன்று இருந்தது. அழுத்தம் கூடும்போது வெடிப்பு விரிந்து காற்று வெளியேறும். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பொருந்தாததைக் கண்ட இசியூ என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி, இன்ஜினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்துவிடும். ஹோஸும் கிளாம்ப்பும் கூலியுமாக 4,200 ரூபாய் ஆனது.

இத்தனை மாதம் இழுத்தடித்ததற்கு இன்னொரு விலையும் இருந்தது. காற்றுக் குறைவால் கரி கூடியதுடன், குறியீடு நிலுவையில் இருந்தபோதெல்லாம் டீசல் துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவும் இல்லை. அதனால் வடிகட்டி பாதி அடைத்திருந்தது. ஸ்கேனர் மூலம் கட்டாயச் சுத்திகரிப்பு செய்தபின்தான் பழைய இழுவை திரும்பியது. அதன்பின் 11,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வால்பாறைக்கு மட்டும் இரண்டு முறை போய்வந்தேன், விளக்கு எரியவில்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த ஹோஸை வளைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.