டிரெய்லர் கூரையில் சோலார் போடப் போகிறீர்களா? 7,200 டாலர் கொடுத்த எங்கள் அனுபவம்

அமெரிக்கா, அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனம், ஜனவரி மாதம். வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டில் இருந்தோம். விடிகாலை மூன்று மணிக்கு ஹீட்டர் ஃபேன் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுபோனது. கேஸ் நிறைய இருந்தது. ஆனால் அந்த ஃபேன் சுற்ற பேட்டரி வேண்டும், பேட்டரி காலி. வெளியே 3 டிகிரி. என் மனைவி இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். கூரையில் 800 வாட் சோலார் போட்டு மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

2024 அக்டோபரில் ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு கடையில் போட்டோம். "ஏசிகூட ஓடும், இனி கரண்ட் உள்ள கேம்ப் (வாடகைக்கு டிரெய்லர் நிறுத்தும் இடம்) தேடி அலையவே வேண்டாம்" என்றார்கள். செக்காகக் கொடுத்தால் 3 சதவீதம் குறைப்போம் என்றதும் கொடுத்துவிட்டேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பின்னால் வங்கியிடம் முறையிட்டிருக்கலாம். அந்த வழியும் போயிற்று.

ஹீட்டர் நின்ற அந்த ராத்திரிக்கு மறுநாள், உச்சி வெயிலில் கன்ட்ரோலரை (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜைக் கவனிக்கும் பெட்டி) பார்த்தால் 14 ஆம்பியர்தான். பக்கத்து டிரெய்லரில் இருந்தவர் ஓய்வுபெற்ற எலக்ட்ரீசியன். மல்டிமீட்டரை எடுத்துவந்து, பேனல் ஒயர் உள்ளே வரும் இடத்தில் வைத்தார். 13.4 வோல்ட். "இங்கே 30-க்கு மேல் காட்டவேண்டும்" என்றார்.

விஷயம் இதுதான். போட்டிருந்தவை வீட்டுக் கூரைக்கான 400 வாட் பேனல்கள். சுமார் 31 வோல்ட்டில் ஓடினால்தான் அவை முழு வாட் தரும். கடையில் மாட்டியதோ விலை குறைந்த பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். அது பேனலின் வோல்ட்டை பேட்டரி அளவுக்கு இழுத்துவிடும், அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டாது. பாதிக்கு மேல் அங்கேயே வீண். எம்பிபிடி கன்ட்ரோலர்தான் மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றும். அப்புறம், ஜனவரியில் வெயில் சாய்ந்து விழும். கூரையில் படுத்த நிலையில் இருக்கும் பேனலுக்கு நடுப்பகலில்கூட பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் கிடைக்கும். விற்றவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பில்லில் '400 ஆம்பியர்-மணி பேட்டரி' என்று மட்டும் இருந்தது. லித்தியம் என்று நம்பினேன், வந்தது ஏஜிஎம். அது ஈய பேட்டரி வகைதான், சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் கெடும். ஆக 12 வோல்ட்டில் மொத்தம் உள்ள 4.8 யூனிட்டில் கையில் நிற்பது 2.4 யூனிட். ஃபிரிட்ஜ், இரண்டு லேப்டாப், ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட், ராத்திரி ஹீட்டர் ஃபேன் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்கு 2.8 யூனிட் வேண்டும். கூரையிலிருந்து வந்ததோ 1 யூனிட். கூரை ஏசி ஒன்றரை கிலோவாட் இழுக்கும், இந்த பேட்டரியில் இரண்டு மணி நேரம்கூட ஓடாது.

கடைக்கு ஃபோன் செய்தால், "குளிர்காலம், அப்படித்தான்" என்றார்கள். கன்ட்ரோலரை நானே மாற்றினேன், 340 டாலர். அடுத்த நாள் நண்பகலில் 31 ஆம்பியர். அதே பேனல், அதே வெயில். இதைச் சொல்லிக் கேட்டதற்கு, "வேறு ஆள் கை வைத்துவிட்டார், வாரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, சோலாரே வேண்டாமா? நாங்கள் கரண்ட் உள்ள கேம்புக்கு இரவுக்கு 45 டாலர் கொடுக்கிறோம். 7,200 டாலர் என்பது 160 இரவு வாடகை. அரசு நிலத்தில், கரண்ட் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு அது திரும்பி வரும். வருடத்துக்கு இரண்டு வாரம் போகிறவர்களுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் போதும். 30 சதவீத வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது.

போடுவதென்று முடிவு செய்தால், பேட்டரி என்ன வகை, கன்ட்ரோலர் என்ன மாடல் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேட்டரியின் சார்ஜைக் கொஞ்சம் இறக்கிவைத்துக்கொண்டு நல்ல வெயிலில் போய் நில்லுங்கள். கன்ட்ரோலர் காட்டும் ஆம்பியரை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள், அதுவும் கார்டில்.