முதுகலை ஆய்வுக்கு எந்த வைரஸ்: டி.என்.ஏ.வா, ஆர்.என்.ஏ.வா?

முதுகலை ஆய்வுக்கு என் முன்னால் இரண்டு வைரஸ்கள் இருந்தன. மரவள்ளியில் தேமல் நோய் உண்டாக்குவது ஒன்று, பப்பாளியில் வளையப்புள்ளி நோய் உண்டாக்குவது இன்னொன்று. முதலாவதன் மரபுப்பொருள் டி.என்.ஏ., அடுத்தது ஆர்.என்.ஏ. இரண்டுமே ஒற்றை இழைதான். நான் மரவள்ளியை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

மரவள்ளி வைரஸில் தலா 2,700–2,800 மரபு எழுத்துகள் கொண்ட இரண்டு டி.என்.ஏ. வட்டங்கள், வெள்ளை ஈ பரப்பும். பப்பாளி வைரஸில் 10,300 எழுத்துகளைத் தாண்டும் ஒரே ஆர்.என்.ஏ. இழை, அசுவினி பரப்பும். இதை வைத்தெல்லாம் முடிவெடுக்க முடியாது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். சேலம், நாமக்கல் பக்கம் வயலில் பறித்த இலையிலிருந்து, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆர் குழாய் வரை மரபுப்பொருள் உடையாமல் வந்து சேருமா? ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) இருக்கிறது. பக்கத்துப் பிணைப்பை அதுவே அறுத்துவிடும், காரக் கரைசலில் இன்னும் வேகமாக. அப்புறம் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகள். இலைக்குள்ளும் உண்டு, நம் விரலிலும் உண்டு. அவற்றில் சில கொதிக்க வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். வேலை செய்ய உலோக அயனியும் வேண்டாம். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளில் பெரும்பாலானவற்றுக்கு மெக்னீசியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைக் கலந்து மெக்னீசியத்தைப் பிடித்து வைத்தால் அந்த நொதிகள் அடங்கிவிடும். இந்த ஒரு வித்தியாசம்தான் அன்றாட வேலையை மாற்றுகிறது. மரவள்ளி இலையை சிலிக்கா ஜெல்லில் உலர்த்திக் கொண்டுவரலாம், பிரித்தெடுத்த டி.என்.ஏ.வுக்கு மைனஸ் 20 போதும். பப்பாளி என்றால் திரவ நைட்ரஜன், மைனஸ் 80, தனி பிப்பெட் முனைகள், பிசிஆருக்கு முன்னால் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் ஒரு படி. மின்சாரம் அடிக்கடி போகும் கல்லூரியில் இது பெரிய சுமை.

வட்ட டி.என்.ஏ.வில் இன்னொரு வசதி: டி.என்.ஏ.வை நகலெடுக்கும் ஃபை29 நொதியை 30 டிகிரியில் விட்டால், வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நகலெடுத்து, வரிசை தெரியாத வைரஸைக்கூடப் பெருக்கித் தந்துவிடும்.

புரத உறைக்குள் இருக்கும்வரை ஆர்.என்.ஏ.வும் உறுதியானதுதான். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையில் பல ஆண்டுகள் தாங்கும். வைரஸ் மாறுவதைப் படிக்க ஆர்.என்.ஏ.தான் சரி என்பார்கள். பிழை திருத்தாமல் நகலெடுப்பதால் அது வேகமாக மாறுவது உண்மை. ஆனால் டி.என்.ஏ. வைரஸும் மாறும்: 1990களில் உகாண்டாவின் மரவள்ளியைச் சூறையாடியதில் இரண்டு டி.என்.ஏ. வைரஸ்கள் கலந்து பிறந்த கலப்பு வைரஸுக்கு முக்கியப் பங்கு உண்டு.

இரட்டை இழை ஆர்.என்.ஏ. வைரஸ்களை நான் கையாண்டதில்லை. அந்த இழைகள் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளுக்கு அவ்வளவு எளிதில் மசியாதவை, அதனால் நான் சொன்னதை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.