மார்செய் வரலாற்று அருங்காட்சியகம்: கப்பல்காரன் பார்வையில்

கண்டெய்னர் கப்பலில் எஞ்சினியராக இருப்பவனுக்கு, பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செய் என்றால் ஃபோஸ்தான். நகரத்துக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி 1960-களில் கட்டிய துறைமுகம். கிரேன்களையும் எண்ணெய்த் தொட்டிகளையும் பார்த்துவிட்டு, மார்செய்க்குப் போய்வந்தோம் என்று சொல்லிக்கொள்வோம். இந்த முறை கரையிறங்க அனுமதி கிடைத்ததும் நேராக நகரத்துக்குள் போய், பூர்ஸ் வணிக வளாகத்தோடு சேர்ந்திருக்கும் வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். கடலில் பிழைப்பு நடத்தும் எவரும் தவறவிடக் கூடாத இடம் இது.

1967-இல் அந்த வளாகத்துக்காகத் தோண்டியபோதுதான் கிரேக்கர் காலத்து மதிலும் ரோமானியர் காலத்துத் துறைமுகக் கரையும் வெளிப்பட்டன. கி.மு. 600 வாக்கில் போகேயாவிலிருந்து (இன்றைய துருக்கிக் கரையில் இருந்த கிரேக்க நகரம்) வந்த கிரேக்கர்கள் நிறுவிய மசாலியாதான் இன்றைய மார்செய். துறைமுகத்தின் ஒரு மூலை காலப்போக்கில் மண் மேடிட்டுத் தரையாகிவிட்டது. இப்போது அது ஒரு தோட்டம். சரக்கு இறக்கிய கரைக்கற்கள் அப்படியே வரிசையாக இருக்கின்றன, தண்ணீர் நின்ற இடத்தில் புல் வளர்ந்திருக்கிறது.

உள்ளே என்னை நகரவிடாமல் நிறுத்தியவை, 1993-இல் ஜூல் வெர்ன் சதுக்கத்தில் கிடைத்த இரண்டு கிரேக்கப் படகுகள். இரண்டும் கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சிறியதில் ஆணியே முக்கியமில்லை: பலகை ஓரங்களில் துளையிட்டு நூலால் தைத்திருக்கிறார்கள். பெரியதில் பலகைகளைப் பெரும்பாலும் துளையும் முளையுமாகப் பொருத்தி, சில இடங்களில் மட்டும் தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு தொழில் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறுவதை இவ்வளவு கிட்டத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிறிய படகின் மாதிரியாக ஜிப்டிஸ் என்று ஒன்றைக் கட்டி 2013-இல் கடலில் இறக்கி, பாய் விரித்து ஓட்டியும் பார்த்தார்கள். செய்து பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் சரியான ஆராய்ச்சி.

அடுத்தது, 1974-இல் கிடைத்த ரோமானியச் சரக்குக் கப்பல். பல நூற்றாண்டு ஈரத்தில் ஊறிய மரத்தைச் சும்மா காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். அதனால் உறைய வைத்து, பனியை உருகவிடாமல் அப்படியே ஆவியாக்கி உலர்த்தினார்கள். குளிர்பதன எந்திரங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு அது எத்தனை பெரிய வேலை என்று தெரியும்.

1720-இல் கொள்ளைநோயை ஏற்றிவந்த கிராண்ட் சான்தான்துவான் கப்பலின் நங்கூரமும் இங்கே இருக்கிறது. தனிமைக் காவல் விதிகளை மீறிச் சரக்கை இறக்கியதால் பரவிய அந்த நோய் நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது. சரக்கை அவசரமாக இறக்கச் சொல்லி நெருக்கும் எல்லோரும் அதன் முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டும்.

துறைமுகம் இடம் மாறிய கதை அப்புறம் வருகிறது. நீராவிக் கப்பல்களுக்குப் பழைய துறைமுகம் போதாமல் போனதால் 19-ஆம் நூற்றாண்டில் அதற்கு வடக்கே ஜோலியத் பகுதியில் புதிய தளங்கள் கட்டினார்கள். கோர்சிகா, அல்ஜீரியா, துனிசியா போகும் பயணிகள் கப்பல்கள் இன்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பெரிய சரக்கெல்லாம் ஃபோஸுக்குப் போய்விட்டது. பழைய துறைமுகத்தில் உல்லாசப் படகுகள்தான் நிறைய. ஆனாலும் காலையில் கரையில் மீன் விற்கிறார்கள்.

காசு கொடுத்து வழிகாட்டியோடு போனால் கவனம். எனக்கு வாய்த்தவர் தோட்டத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டுக் கடைத்தெருவுக்கு இழுத்தார். தனியாகப் போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். முதலில் தோட்டம், பிறகு படகுகள், நேரம் மிஞ்சினால் மற்றவை. பழைய துறைமுகம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான்.