பெட்டியா, பேரலா, டேங்கா? சேலத்து வெயிலில் மதுச் சரக்கு

கருப்பூர் பக்கம் ஒரு குடோன், வெள்ளிக்கிழமை சாயங்காலம். பூசை முடித்து வாசற்படியில் சூடம் ஏற்றி வைத்திருந்தார் காவலுக்கு இருந்த பெரியவர். அங்கிருந்து பத்தடி உள்ளே, அடுக்கின் அடிவரிசையில் ஒரு அட்டைப்பெட்டியின் மூலை நனைந்திருந்தது. கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது. கசிந்த பிராந்தி ஆவியாகிக்கொண்டிருந்தது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக நகரும்.

“ஐயா, சூடத்தை அணைச்சிடலாமா?” என்றேன்.

“சாமி சூடம் தம்பி, அதைப் போய் அணைப்பாங்களா?” என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. பாட்டிலுக்குள் இருப்பது குப்பென்று பற்றக்கூடியது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சூடத்தட்டை அப்படியே எடுத்து, ரோட்டோரம் இருந்த வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம்.

மதுவிலக்கு முதன்முதலில் வந்த மாவட்டம் சேலம்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. குடிக்கலாமா கூடாதா என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை, அது ஒருபக்கம் இருக்கட்டும். ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க நிற்கும் லோடுமேன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு திரவத்தின் ஆவி நெருப்பைக் கண்டதும் பற்றும் அளவுக்குச் சேர்கிற குறைந்தபட்ச வெப்பநிலையை ஃபிளாஷ் பாயிண்ட் என்பார்கள். ஆல்கஹால் 96 சதவீதம் உள்ள ஸ்பிரிட்டுக்கு அது 17 டிகிரிக்குப் பக்கம். 40 சதவீதச் சரக்குக்குச் சுமார் 26 டிகிரி, 20 சதவீதத்துக்கு 36, 10 சதவீதத்துக்கு 49. நம் ஊர் பிராந்தியும் ரம்மும் 42.8 சதவீதம். ஏப்ரல், மே மதியத்தில் சேலத்தில் 38 டிகிரி சர்வசாதாரணம், தகரக் கூரைக்கு அடியில் இன்னும் அதிகம். அதாவது, சிந்திய சரக்கு பற்றுவதற்குத் தனியாகச் சூடாக வேண்டியதே இல்லை. ஒரு பொறி போதும். பீருக்கு இந்தப் பயம் கிடையாது, அதை விட்டுவிடலாம்.

சரி, எதில் வைப்பது? கண்ணாடி பாட்டில் உடையும், அட்டைப்பெட்டி எரியும். அதனால் பாட்டில்தான் மோசம், பேரலில் வைத்தால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீயில் ஒரு பாட்டில் வெடித்தால் வெளியே வருவது 750 மில்லி. அதன் பக்கத்துப் பாட்டில் உடைய இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் ஆட்கள் வெளியேறலாம். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி அப்படியில்லை. சுற்றிலும் இரும்புக் கூண்டு இருக்கிறதே என்று நம்பக்கூடாது. தீ பட்டால் சில நிமிடங்களில் பிளாஸ்டிக் இளகி, அத்தனையும் ஒரே மூச்சில் தரையில் ஓடும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் வெளிநாட்டு விதிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 30 விதித்தொகுப்பு, 5 லிட்டருக்கு மேற்படாத பாத்திரங்களில் அடைத்த மதுவுக்குச் சேமிப்பு விதிகளிலிருந்து விலக்கு தருகிறது. சரக்குப் போக்குவரத்துக்கான ஐநா விதிகள் ஆல்கஹால் சதவீதத்தையும் பார்க்கின்றன: 24 சதவீதம் வரை ஆபத்துப் பொருளே அல்ல, 70-ஐத் தாண்டினால் கெடுபிடி அதிகம்.

விலக்கு இருக்கிறதே என்று கூரை தொட அடுக்கலாமா? கூடாது. அடியில் ஒரு பெட்டி நனைந்து நைந்தால் மேலே இருப்பதெல்லாம் சரியும். நான் பார்த்த அந்த ஈரமூலைக்கு மேல் இன்னும் ஒன்பது பெட்டி இருந்தது. ஒரு பெட்டிக்கு 9 லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

200 லிட்டர் பேரல் என்றால் இரும்புதான் என் தேர்வு. ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரத்தைக் கம்பி கட்டித் தரைக்கு இறக்கிவிடலாம். பிளாஸ்டிக் பேரலில் அதற்கு வழியில்லை. ஊற்றும் குழாய் அடிவரைக்கும் போக வேண்டும், மேலேயிருந்து சளசளவென்று விழக்கூடாது. 96 சதவீத ஸ்பிரிட்டுக்கு மட்டும் என் பதில் ஒன்றுதான். திறந்த வெளியில் எர்த்திங் கொடுத்த எஃகு டேங்க், ஆவி போகும் குழாயில் தீ உள்ளே புகாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டர், சுற்றிலும் டேங்கின் கொள்ளளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும் தடுப்புச்சுவர். டேங்க் பெரிது என்பதால் பயம் வரும். ஆனால் சிந்தினால் எங்கே போகும் என்ற கேள்விக்கு பெட்டி, பேரல், டேங்க் மூன்றில் அது ஒன்றுதான் முழுப் பதில் வைத்திருக்கிறது. கட்டடத்துக்குள் மொத்தமாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1960 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எரிந்த விஸ்கிக் கிடங்கே சாட்சி. ஆவி வெடித்துச் சுவர்கள் ரோட்டில் விழுந்ததில் தீயணைக்கப் போன 19 பேர் செத்தார்கள்.

அணைப்பதில் தண்ணீருக்கும் நுரைக்கும் போட்டி. ஆல்கஹால் தண்ணீரோடு கலக்கும், உண்மைதான். ஆனால் 1 லிட்டர் ஸ்பிரிட்டை 10 சதவீதத்துக்கு இறக்கச் சுமார் 9 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதுவரை எரியும் குளம் பெரிதாகி வாசலைத் தேடி ஓடும். பெட்ரோல் பங்கில் இருக்கும் சாதாரண நுரையை ஆல்கஹால் கரைத்துவிடும். ஆல்கஹால் தாங்கும் நுரை என்று தனியாகவே கேட்டு வாங்க வேண்டும். சிலிண்டரில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இந்தத் தீ வெளிறிய நீலம், கண்ணுக்கே தெரியாமல் போகலாம். இதை லோடுமேன்களுக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

அப்புறம், ஏற்காடு. குளிரான ஊர், விடுதிக்கு வேண்டிய சரக்கை மேலேயே மொத்தமாக வைத்தால் நல்லது என்று ஒரு விடுதிக்காரர் என்னிடம் வாதாடினார். பாதி சரி. சேலத்தைவிட மலையில் வெயில் எவ்வளவோ தேவலை. ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஃபிளாஷ் பாயிண்டும் ஏறக்குறைய 4 டிகிரி இறங்கிவிடும். 26 என்பது அங்கே 22. குளிர் கொடுப்பதில் ஒரு பங்கை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. அவருடைய ஸ்டோர் ரூம் மாடிப்படிக்கு அடியில், சுவருக்கு அந்தப்பக்கம் ஜெனரேட்டர், மேலே தங்க வந்தவர்கள் தூங்குகிறார்கள். தீப்பிடித்து, சேலத்திலிருந்து கூடுதல் தீயணைப்பு வண்டி வரவேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும்.

மாதச் சரக்கை மேலே அடுக்குவதா, வாரம் ஒருமுறை கீழிருந்து ஏற்றுவதா என்று கேட்டார். வாரம் ஒருமுறைதான் என்றேன். வண்டி வாடகை கூடுகிறது என்று இன்னும் குறைபட்டுக்கொள்கிறார், ஆனால் படிக்கட்டுக்கு அடியில் இப்போது மெத்தை விரிப்புகள் இருக்கின்றன, பாட்டில்கள் தோட்டத்து மூலையில் கல் கட்டிய தனி அறைக்குப் போய்விட்டன.